கறுப்பு மாணவனுக்கும் சேரி மாணவனுக்கும் ஒரே பதில்: 'வீடு இல்லை'

அம்பத்தூரில் வீடு காலியாக இருக்கிறது. ஆவடியில் இருக்கிறது. பூந்தமல்லியில் தெருவுக்கு இரண்டு 'டூ-லெட்' போர்டு தொங்குகிறது. போர்டில் உள்ள எண்ணுக்கு அழைத்தால் வீடு இருக்கிறது என்றுதான் சொல்கிறார்கள். நேரில் போய் நின்றால் இல்லை என்கிறார்கள். போன் பேசியதற்கும் படியேறியதற்கும் இடைப்பட்ட அரை மணி நேரத்தில் அந்த வீடு எங்கே போனது?

எங்கும் போகவில்லை, தோழர்களே. மாலையில் வேறொருவர் போய்க் கேட்டால் அதே வீடு, அதே வாடகைக்குத் திரும்பி வந்துவிடுகிறது. வீடு இல்லை என்பது பொய். 'உனக்கு வீடு இல்லை' என்பதுதான் உண்மை.

மாணவர்களுக்காக இந்தப் பகுதியில் வீடு தேடி அலைகிறவர்கள் நாங்கள். விழுப்புரத்திலிருந்தும் கள்ளக்குறிச்சியிலிருந்தும் படிக்க வரும் நம் பிள்ளைகளோடு போகிறோம். மதுரவாயலிலிருந்து தண்டலம் வரை நெடுஞ்சாலையோரம் வரிசையாக நிற்கும் தனியார் கல்வி நிறுவனங்களில் படிக்க ஆப்பிரிக்க நாடுகளிலிருந்து வரும் பிள்ளைகளோடும் போகிறோம். இரண்டு பேரிடமும் கேட்கப்படும் கேள்விகள் வேறு. கிடைக்கும் பதில் ஒன்று.

நம் பிள்ளையிடம் முதலில் கேட்பார்கள்: "தம்பி, சொந்த ஊரு எது?" ஊரைச் சொன்னால், "அங்க எந்தத் தெரு?" தெருவைச் சொல்லத் தயங்கினால், "அப்பா பேரு என்ன, என்ன பண்றாரு?" அதற்கும் பதில் வந்துவிட்டால், "நான்-வெஜ் சமைப்பீங்களா?" இந்த நான்கு கேள்விகளில் எதிலும் சாதி என்ற சொல் இல்லை. நான்கும் சாதியைத்தான் கேட்கின்றன. கடைசியில், "தப்பா எடுத்துக்காதீங்க தம்பி, எங்க சொந்தக்காரங்க குடி வர்றாங்க" என்று கதவு சாத்தப்படும்.

ஆப்பிரிக்க மாணவனிடம் கேள்வியே கிடையாது. அவனுடைய தோலே எல்லாவற்றையும் சொல்லிவிட்டதாக வீட்டு ஓனர் நினைத்துக்கொள்கிறார். "அந்தப் பசங்கன்னா ஓனர் ஒத்துக்க மாட்டாருண்ணே, அக்கம்பக்கத்துல பேசுவாங்க" என்று புரோக்கர் எங்களிடம் தமிழில் சொல்வார். மொழி தெரியாத அந்தப் பையன் எங்கள் முகத்தைப் பார்த்தே புரிந்துகொள்வான். மாணவி என்றால் இன்னொரு சுற்று: யார் வருவார்கள், எத்தனை மணிக்குத் திரும்புவாள், ஆண் நண்பர்கள் உண்டா.

'நமக்கே வீடில்லை, அவனுக்கு எதற்கு?'

கூட்டங்களில் இதைப் பேசும்போது நம் தோழர்களே கேட்கிறார்கள்: "நம்ம புள்ளைங்களுக்கே ரூம் கிடைக்கல. வெளிநாட்டுல இருந்து பணம் கட்டிப் படிக்க வர்றவனுக்கு நாம ஏன் பேசணும்?"

பேச வேண்டும். அவனை மறுக்கும் கையும் நம்மை மறுக்கும் கையும் ஒன்று. பிறப்பைப் பார்த்து ஒருவனைத் 'தொட்டால் தீட்டு' என்று ஒதுக்கப் பழகிய சமூகம், புதிதாக ஒருவன் வந்து நிற்கும்போது அவனுக்கென்று புது அளவுகோல் செய்வதில்லை. கையில் இருக்கும் பழைய கோலால்தான் அளக்கிறது. கறுப்பு, அழுக்கு, நாற்றம், மாட்டுக்கறி, வம்பு: ஆப்பிரிக்க மாணவனைப் பற்றிச் சொல்லப்படும் ஒவ்வொன்றும் நம் தாத்தாக்களைப் பற்றிச் சொல்லப்பட்டது. நம்மைப் பற்றி இன்றும் சொல்லப்படுவது.

இன்னொரு காரணமும் உண்டு. நம்முடைய தலைவரே ஒரு வெளிநாட்டு மாணவர்.

நியூயார்க்கில் கிடைத்தது, பரோடாவில் கிடைக்கவில்லை

1913 ஜூலையில் பரோடா மன்னர் சாயாஜிராவ் கெய்க்வாடின் உதவித்தொகையோடு அண்ணல் அம்பேத்கர் நியூயார்க் போய் இறங்கினார். மாதம் பதினொன்றரை பவுண்டு. கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஹார்ட்லி ஹால் விடுதியில் சில நாள் இருந்தார். பிறகு காஸ்மோபாலிடன் கிளப். அதன்பின் லிவிங்ஸ்டன் ஹால் விடுதியில் நேவல் பத்தேனா என்ற பார்சி நண்பரோடு ஒரே அறை. அந்த நட்பு கடைசிவரை நீடித்தது. பின்னர் 1921, 22இல் லண்டனில் படித்தபோது 10, கிங் ஹென்றி சாலையில் வாடகைக்கு இருந்தார். அந்த வீட்டை 2015இல் மகாராஷ்டிர அரசு விலைக்கு வாங்கி நினைவில்லமாக்கியிருக்கிறது.

இதனால் அமெரிக்கா சொர்க்கம் என்று நாங்கள் சொல்லவில்லை. அவர் படித்த பல்கலைக்கழகத்துக்கு அடுத்தாற்போல் இருப்பது ஹார்லெம். கறுப்பின மக்களுக்கு அந்த நாடு வீட்டை எப்படியெல்லாம் மறுத்தது என்பது பெரிய வரலாறு. ஆனால் மஹர் சாதியில் பிறந்த ஓர் இந்திய மாணவரை அங்கே எவரும் 'எந்தத் தெரு?' என்று கேட்கவில்லை.

1917இல் உதவித்தொகை ஒப்பந்தப்படி வேலை பார்க்க பரோடா வந்து சேர்ந்தார். உலகத்தின் பெரிய பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டு வந்தவருக்கு அந்த ஊரில் ஓர் அறை கிடைக்கவில்லை. இந்து விடுதிகள் ஏற்காது. பெயரை மறைத்து, பார்சி விடுதி ஒன்றில் பார்சிப் பெயரில் நாளுக்கு ஒன்றரை ரூபாய் கொடுத்துத் தங்கினார். பதினோராம் நாள் காலையில் தடிகளோடு வந்த பார்சிகள் சிலர் அறை வாசலை மறித்துக்கொண்டார்கள். மாலைக்குள் காலி செய்ய வேண்டும் என்று கெடு வைத்துப் போனார்கள். அவர் இரண்டு நண்பர்களிடம் போய்க் கேட்டார். ஒருவர் இந்து. நீங்கள் வந்தால் வேலைக்காரர்கள் போய்விடுவார்கள் என்றார். இன்னொருவர் கிறிஸ்தவர், பார்ப்பனக் குடும்பத்திலிருந்து மதம் மாறியவர். மனைவியைக் கேட்க வேண்டும் என்றார். பூங்காவில் உட்கார்ந்து பொழுதைக் கழித்துவிட்டு, இரவு ஒன்பது மணி ரயிலில் பம்பாய்க்குத் திரும்பினார் அம்பேத்கர். 'விசாவுக்காகக் காத்திருக்கிறேன்' என்ற சிறு நூலில் இவ்வளவையும் அவரே எழுதி வைத்திருக்கிறார். படிக்காத மாணவத் தோழர்கள் இந்த வாரமே படியுங்கள்.

அதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்று. தடியோடு வந்தவர்கள் இந்துக்கள் அல்ல, பார்சிகள். இடம் மறுத்தவர்களில் ஒருவர் கிறிஸ்தவர். சாதி ஒரு மதத்துக்குள் அடங்கி நிற்பதில்லை. அது ஊரின் வழக்கம். ஊரில் வாழ வருகிற எவருக்கும் அந்த வழக்கம் ஒட்டிக்கொள்கிறது. அதே வழக்கம்தான் இன்று தான்சானியாவிலிருந்தும் சூடானிலிருந்தும் வருகிறவனையும் பிடித்து வெளியே தள்ளுகிறது.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம்

ஆவடியில் ஒரு படுக்கையறை வீடு எட்டாயிரம் ரூபாய்க்குக் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சென்னை வழக்கப்படி பத்து மாத அட்வான்ஸ் 80,000. புரோக்கருக்கு ஒரு மாத வாடகை 8,000. முதல் மாத வாடகை 8,000. உள்ளே கால் வைக்க 96,000 ரூபாய் வேண்டும். மத்திய அரசின் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகையில் பொறியியல், மருத்துவம் படிக்கும் பட்டியல் சாதி மாணவருக்கு, அதுவும் விடுதியில் தங்கினால், ஆண்டுக்குப் பராமரிப்புப் படி 13,500 ரூபாய். ஏழு ஆண்டுப் படியைச் சேர்த்து வைத்தாலும் அந்த வீட்டின் வாசலைத் தாண்ட முடியாது. பொறியியல் படிப்போ நான்கு ஆண்டு.

2025 ஜூலையில் தமிழக அரசு தன் மாணவர் விடுதிகளுக்கெல்லாம் 'சமூக நீதி விடுதி' என்று பெயர் சூட்டியது. பெயர் நல்ல பெயர்தான். ஆனால் பெயருக்குள் படுத்துத் தூங்க முடியாது. கல்லூரிகள் குவிந்திருக்கும் இந்த மேற்குப் பகுதியில் கட்டில்கள் வேண்டும்.

வெளிநாட்டு மாணவனின் கணக்கு இன்னும் சிக்கலானது. 180 நாளுக்கு மேற்பட்ட விசாவில் வருகிறவன் 14 நாளுக்குள் வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தில் பதிவு செய்ய வேண்டும். அதற்கு முகவரிச் சான்று வேண்டும். அவனைத் தங்க வைக்கிறவர் 24 மணி நேரத்துக்குள் அவனைப் பற்றிய படிவத்தை இணையத்தில் நிரப்ப வேண்டும். படிவம், போலீஸ் என்றதும் ஓனர் ஒதுங்குகிறார். வீடு இல்லாமல் பதிவு இல்லை. பதிவு இல்லாவிட்டால் அவன் சட்டத்தை மீறியவன். 2018இல் 'ஸ்டடி இன் இந்தியா' என்று ஒன்றிய அரசு உலகத்தையே படிக்க அழைத்தது. தனியார் பல்கலைக்கழகங்கள் ஏஜென்டுகளை வைத்து ஆள் பிடிக்கின்றன. அழைக்கும்போது வளாகத்தின் படத்தைக் காட்டுகிறார்கள். விடுதிக் கட்டணம் கட்ட முடியாமல் வெளியே வருகிறவன் எங்கே படுப்பான் என்பதை எவரும் சொல்வதில்லை.

மூன்று சாக்குகள்

முதல் சாக்கு, சாப்பாடு. 'நாங்க சுத்த சைவம், வாசனை ஒத்துக்காது.' உணவை விலக்குவது ஆளை விலக்குவதற்கு நாகரிகமான பெயர். தமிழ்நாட்டில் பெரும்பான்மையோர் கறியும் மீனும் சாப்பிடுகிறவர்கள். அப்படியிருக்க, கறி சாப்பிடும் ஓனரும்கூட எங்களிடம் 'நான்-வெஜ் கூடாது' என்கிறார். இது வாசனைப் பிரச்சினை இல்லை.

இரண்டாவது சாக்கு, வம்பு. 'போதை, சண்டைன்னு நியூஸ்ல வருதே.' ஒருவன் தப்பு செய்தால் அவன் மேல் வழக்குப் போடுங்கள். ஒருவனுக்காக ஒரு கண்டத்தையே தண்டிப்பது எந்த நியாயம்? 2012 பிப்ரவரியில் வேளச்சேரி வாடகை வீடொன்றில் ஐந்து பேர் என்கவுன்டரில் கொல்லப்பட்ட பிறகு, குடியிருப்போரின் விவரங்களைத் தர வேண்டும் என்று சென்னைக் காவல்துறை உத்தரவு போட்டது. அதற்குப்பின் வடமாநிலத் தொழிலாளி ஒவ்வொருவனும் சந்தேகத்துக்குரியவன் ஆனான். 1991க்குப் பிறகு ஈழத் தமிழர் என்றாலே வீட்டுக்காரர்கள் பின்வாங்கிய காலத்தையும் இந்த நகரம் பார்த்திருக்கிறது. சந்தேகம் எங்கே போய் முடியும் என்பதும் தெரியும். 2016 ஜனவரியில் பெங்களூருவில், தனக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு விபத்துக்காகத் தான்சானிய மாணவி ஒருவர் கும்பலால் தாக்கப்பட்டார். 2017 மார்ச்சில் கிரேட்டர் நொய்டாவில் ஆப்பிரிக்க மாணவர்களைக் கூட்டம் அடித்தது. வாடகை வீட்டு வாசலில் சிரித்துக்கொண்டே சொல்லப்படும் 'இல்லை'க்கும் தெருவில் தூக்கப்படும் கட்டைக்கும் நடுவில் தூரம் அதிகமில்லை.

மூன்றாவது சாக்குதான் பெரியது: 'என் வீடு, என் இஷ்டம்.' நீங்கள் குடியிருக்கும் அறையைப் பற்றி நாங்கள் பேசவில்லை. போர்டு மாட்டி, விலை சொல்லி, புரோக்கர் வைத்து வாடகைக்கு விடுவது வியாபாரம். டீக்கடைக்காரர் 'என் கடை, என் கிளாஸ், உனக்குத் தனி கிளாஸ்' என்றால் அது குற்றம் என்று இந்த நாட்டுச் சட்டம் சொல்லி எழுபது ஆண்டாகிறது. கிளாசுக்கு உள்ள நியாயம் வீட்டுக்கு இல்லையா?

கையில் இருக்கும் சட்டம், இல்லாத சட்டம்

1955 ஜனவரியில் இதே ஆவடியில் கூடிய காங்கிரஸ் மாநாடு, சோசலிச பாணிச் சமுதாயம் அமைப்போம் என்று தீர்மானம் போட்டது. அதே ஆண்டு தீண்டாமைக் குற்றங்கள் சட்டம் வந்தது. 1976இல் திருத்தப்பட்டு, குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் என்று பெயர் மாறியது. அதன் பிரிவு 4இல் எட்டாவது உட்பிரிவை மாணவத் தோழர்கள் மனப்பாடம் செய்ய வேண்டும். எந்தப் பகுதியிலும் குடியிருப்பைக் கட்டவோ, வாங்கவோ, அதில் குடியிருக்கவோ தீண்டாமையின் பேரால் ஒருவரைத் தடுப்பது குற்றம். ஒரு மாதம் முதல் ஆறு மாதம் வரை சிறை, 100 முதல் 500 ரூபாய் வரை அபராதம். பிரிவு 12 இன்னும் முக்கியம். பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதியைச் சேர்ந்தவர் என்றால், அந்தச் செயல் தீண்டாமையின் பேரால்தான் நடந்தது என்று நீதிமன்றம் அனுமானித்துக்கொள்ள வேண்டும். 'சொந்தக்காரங்க வர்றாங்க' என்ற கதையை மெய்ப்பிக்க வேண்டியவர் ஓனர். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015இல் வந்த திருத்தம் பொருளாதாரப் புறக்கணிப்பையும் குற்றமாக்கியிருக்கிறது.

இவ்வளவு இருந்தும் வாடகை மறுப்புக்காகக் காவல் நிலையம் ஏறுகிறவர்களைப் பார்ப்பது அரிது. காரணம் நமக்குத் தெரியும். நாளைக்கு எங்கே படுப்பது என்று தெரியாத பையன் வழக்கு நடத்துவானா, அடுத்த வீட்டைத் தேடுவானா? அதனால்தான் இது தனி ஆளின் வேலையில்லை, அமைப்பின் வேலை.

வெளிநாட்டு மாணவனுக்கோ இந்தச் சட்டமும் கிடையாது. அரசியல் சட்டத்தின் 15ஆம் உறுப்பு, இனம், சாதி, மதம், பிறப்பிடத்தின் பேரால் பாகுபாடு கூடாது என்று குடிமக்களுக்குத்தான் உறுதி தருகிறது. அதன் பட்டியலில் கடை, உணவகம், ஓட்டல், பொழுதுபோக்கிடம் உண்டு. தனியார் வாடகை வீடு இல்லை. 2005இல் உச்ச நீதிமன்றம், அகமதாபாத் பார்சி வீட்டுவசதிச் சங்கமொன்று பார்சிகளை மட்டுமே உறுப்பினராக்கும் விதி செல்லும் என்றது. 1917இல் பரோடாவில் தடியோடு நின்ற வழக்கம், கூட்டுறவுச் சங்க விதியாக மாறி நீதிமன்றத்தின் முத்திரையையும் வாங்கிக்கொண்டது. தமிழ்நாட்டின் வாடகைச் சட்டம் 2017இல் இயற்றப்பட்டு 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. எழுத்து ஒப்பந்தம் கட்டாயம், வாடகை அதிகாரியிடம் பதிவு கட்டாயம் என்றெல்லாம் சொல்கிறது. மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் கூடாது என்கிறது. அடுத்த மூச்சிலேயே 'வேறுவிதமாக ஒப்பந்தம் இல்லாவிட்டால்' என்று ஓட்டை போடுகிறது. பத்து மாதம் கேட்கிற ஓனர் அதை ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுகிறார். சாதி கேட்டு வீடு மறுப்பதைப் பற்றி அந்தச் சட்டம் வாய் திறக்கவில்லை.

முடியாத காரியமா இது? பிரிட்டனின் 1965 இன உறவுகள் சட்டத்தில் வீடு இல்லை. கறுப்பர்களும் ஆசியர்களும் விடாமல் போராடினார்கள். 1968இல் வீடும் சேர்ந்தது. அமெரிக்காவில் 1968 ஏப்ரல் 4 அன்று மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்டார். ஒரே வாரத்தில், ஏப்ரல் 11 அன்று, நியாய வீட்டுவசதிச் சட்டம் கையெழுத்தானது. அதிலும் ஓனரே குடியிருக்கும் சிறு கட்டடத்துக்கு விலக்கு உண்டு. ஆனால் அவர்கூட 'இன்னாருக்கு மட்டும்' என்று விளம்பரம் செய்யக் கூடாது. நம் தெருக்களில் 'வெஜிடேரியன்ஸ் ஒன்லி' என்ற போர்டு பகல் வெளிச்சத்தில் தொங்குகிறது.

நம் தெருவுக்கும் ஒரு வார்த்தை

'காப்பிரி', 'நீக்ரோ' என்ற சொற்கள் நம் பிள்ளைகள் வாயிலும் வருகின்றன. அது நிற்க வேண்டும். அமெரிக்கக் கறுப்பின மக்களின் பிளாக் பாந்தர் இயக்கத்தைப் பார்த்துத்தான் 1972இல் பம்பாயில் தலித் பாந்தர்கள் தோன்றினார்கள். சிறுத்தை என்ற சொல் அந்த வழியில்தான் தமிழ்நாட்டுக்கு வந்தது. 1946இல் அம்பேத்கர், கறுப்பின அறிஞர் டுபாய்சுக்குக் கடிதம் எழுதினார். ஐ.நா.வுக்குக் கறுப்பின மக்கள் அனுப்பும் மனுவின் படியைக் கேட்டு எழுதினார். அவர்கள் போராட்டத்திலிருந்து பெயரையும் துணிவையும் எடுத்துக்கொண்டவர்கள் நாம். கறுப்பு உடம்பு ஒன்று நம் காலனி வாசலில் நிற்கும்போது, சாதிக்காரன் நம்மைப் பார்க்கும் அதே பார்வையால் அவனைப் பார்த்தால் சுவரில் வரைந்திருக்கும் அண்ணலின் படத்துக்கு என்ன பொருள்?

என்ன செய்யலாம்?

ஒன்று, சோதனை அழைப்பு. சுகதேவ் தோரட்டும் உடன் ஆய்வாளர்களும் டெல்லியிலும் சுற்று நகரங்களிலும் இதைச் செய்தார்கள். 2015இல் 'எகனாமிக் அண்ட் பொலிட்டிகல் வீக்லி' இதழில் அது வெளிவந்தது. உயர்சாதிப் பெயருக்குக் கிட்டத்தட்ட எல்லா வீடும் திறந்தது. தலித் பெயருக்குக் குறைந்தது. முஸ்லிம் பெயருக்கு அதைவிடக் குறைந்தது. சமூகவியல், சமூகப்பணி, சட்டம் படிக்கும் தோழர்கள் அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி மூன்றிலும் இதைச் செய்யுங்கள். ஒரே போர்டு, ஒரே நாள், வெவ்வேறு பெயர்கள். நேரம், எண், பதில் எல்லாவற்றையும் எழுதி வையுங்கள். 'இங்கெல்லாம் யாரு சார் சாதி பாக்குறா' என்கிறவர்களுக்கு அந்தப் பட்டியலை நீட்டுவோம்.

இரண்டு, மறுக்கப்பட்டவுடன் சான்றைச் சேமியுங்கள். வாட்ஸ்அப் செய்தி, அழைப்புப் பதிவு, போர்டின் படம், உடன் வந்தவரின் சாட்சி. தனியாகக் காவல் நிலையம் போகாதீர்கள். அமைப்போடும் வழக்கறிஞரோடும் போங்கள். பிரிவு 4, பிரிவு 12 இரண்டையும் புகாரில் எழுதுங்கள்.

மூன்று, சட்டத் திருத்தம் கேட்போம். சாதி, மதம், இனம், நிறம், நாடு, உணவு, பாலினம், திருமண நிலை எதன் பேராலும் வாடகை மறுக்கக் கூடாது, அப்படி விளம்பரமும் செய்யக் கூடாது என்று தமிழ்நாட்டு வாடகைச் சட்டத்தில் ஒரு பிரிவு வேண்டும். அட்வான்ஸ் ஓட்டையை அடைக்க வேண்டும். மறுக்கப்பட்டவர் வாடகை அதிகாரியிடமே முறையிட வழி வேண்டும்.

நான்கு, வெளிநாட்டு மாணவரைச் சேர்க்கும் ஒவ்வொரு கல்வி நிறுவனமும் படிப்பு முடியும்வரை கட்டுப்படியாகும் தங்குமிடத்துக்குப் பொறுப்பேற்க வேண்டும். கட்டணம் வாங்கத் தெரிந்தவர்களுக்கு அந்தப் படிவத்தை நிரப்ப ஓனருக்கு உதவத் தெரியாதா?

ஐந்து, நம் மாணவர் அமைப்புகளில் அவர்களுக்கும் இடம் கொடுங்கள். ஏப்ரல் 14 கூட்டத்துக்கு அழையுங்கள். பரோடா கதையை ஆங்கிலத்தில் அவர்களிடம் சொல்லுங்கள்.

1917இல் மாலைக்குள் காலி செய் என்று கெடு வைத்தவர்களின் பெயரை எவரும் நினைவில் வைத்திருக்கவில்லை. காலி செய்தவர் எழுதிய சட்டத்தின் கீழ்தான் இந்த நாடு நடக்கிறது. அவர் 15ஆம் உறுப்பில் கடையையும் ஓட்டலையும் திறந்துவிட்டார். வாடகை வீட்டுக் கதவு மிச்சம் இருக்கிறது. அதைத் திறப்பது நம் தலைமுறையின் வேலை. திறக்கும்போது நமக்குப் பின்னால் வருகிறவனுக்கும் சேர்த்தே திறப்போம்.

ஜெய் பீம்.